தினமும் இறக்கிய தண்ணீர்

ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு அனுபவத்தை எழுதிக் கொடு என்றால், தன் வீரப்பிரதாபத்தை அளந்துவிட்டுப் போவான் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கும் அளக்கத் தெரியும். மில் பாய்லரை வெறும் கையோடு காப்பாற்றிய கதை ஆறேழு வைத்திருக்கிறேன். டீ வாங்கிக் கொடுத்தால் சொல்கிறேன். எழுதி வைக்கும் அளவுக்கு அவற்றில் ஒன்றுமில்லை.

இங்கே எழுதப்போவது நான் ஒழுங்காகச் செய்த ஒரு வேலையைப் பற்றி. நாலு வருடம், வேலைக்கு வந்த ஒரு நாள்கூடத் தவறாமல் செய்தேன். யாரும் என்னைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. அந்த வேலையால் ஒரு பாய்லர் கெட்டது, ஒரு மனிதனின் பிழைப்பு போனது. பிழைப்பு போனதற்குப் பாய்லர் மட்டும் காரணமில்லை, என் வாயும் காரணம். அதையும் சொல்கிறேன்.

நான் வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. நிலம் கை விட்டுப் போனதும் மில்லில் சேர்ந்தேன். இருபத்து மூன்று வருடம் அங்கே நீராவி பாய்லர் ஓட்டினேன். ஆட்குறைப்பில் வெளியே வந்தபோது வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. கடற்கரைக்கு அருகே, நீங்கள் இப்போது வேலை பார்க்கும் இதே ஓட்டலில் பாய்லர் ஆபரேட்டராக எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் கீழே இறங்கி இந்த வெந்நீர் பாய்லரைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. மில்லில் நான் ஓட்டியது இரண்டு ஆள் உயரம், நிலக்கரி தின்னும். இது டீசலில் ஓடும் ஒரு சின்ன உருளை. "இது பாய்லரா? கல்யாண வீட்டு வெந்நீர் அண்டா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அண்டா என்று நினைத்ததால் அதோடு வந்த புத்தகத்தை நான் பிரிக்கவே இல்லை.

மில்லில் எங்களுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். காலையில் அடி வால்வைத் திறந்து தண்ணீர் இறக்காதவனுக்கு டீ கிடையாது என்பது அவர் சட்டம். அங்கே அது சரிதான். நீராவி பாய்லரில் தண்ணீர் நாள் முழுக்க ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும், உப்பும் சேறும் அடியில் தங்கும். அதை வெளியே தள்ளத்தான் வேண்டும். வெந்நீர் பாய்லர் கதை வேறு. இதில் தண்ணீர் ஆவியாவதில்லை. உள்ளே இருக்கும் அதே தண்ணீர் சூடாகி, குழாயில் சுற்றி வந்து, குளியல் தண்ணீர்த் தொட்டிக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி பாய்லருக்கே திரும்பும். மாதக்கணக்கில் அதே தண்ணீர்தான் ஓட வேண்டும். உங்களுக்கு இது முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கும். எனக்கும் கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். இருபத்து மூன்று வருட சர்வீஸை வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே தினமும் காலை ஆறரைக்கு வந்ததும் அடி வால்வைத் திறப்பேன். ஒரு டிரம் அளவுக்குத் தண்ணீர் சீறிக்கொண்டு சாக்கடைக்குப் போகும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு வேலை தொடங்கிய மாதிரி இருக்கும். பிறகு மேலே போய் டீ குடிப்பேன்.

இறக்கிய தண்ணீருக்குப் பதிலாகப் புதுத் தண்ணீர் தானாக உள்ளே வரும். நம்மூர் போர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைத் தடவிப் பார்த்தாலே தெரியும். அந்த வெள்ளைக் கல் பாய்லருக்குள் படியக் கூடாது என்றுதான் வழியில் சாஃப்ட்னர் வைத்திருக்கிறார்கள். தண்ணீரின் கடினத்தன்மையை அது பிடித்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை உப்புக் கரைசலை ஓட்டி அதைக் கழுவிவிட வேண்டும். எப்போதாவது ஒரு குடம் புதுத் தண்ணீர் தேவைப்படும் பாய்லருக்கு அந்த அளவு போதும். தினம் ஒரு டிரம் குடிக்கும் பாய்லருக்கு எங்கே போதும்?

சாஃப்ட்னரைப் பார்த்துக்கொண்டவன் தேசிங்கு.

சுனாமிக்கு அடுத்த வருடம் எனக்கு உதவியாக வேலைக்கு வந்தவன். வைத்திக்குப்பத்துக்காரன், ஐ.டி.ஐ. படித்தவன், முப்பதைத் தாண்டிய வயது, இரண்டு பெண் குழந்தைகள். படித்துவிட்டும் அப்பாவோடு கடலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தான். சுனாமியில் அவன் அப்பா போய்விட்டார். அதன் பிறகு அவன் மனைவி, "நீ இனிமே கடல்ல கால வச்சே, நான் பொண்ணுங்கள இட்டுக்கினு எங்கம்மா ஊட்டுக்குப் போய்டுவேன்" என்று சொல்லிவிட்டாளாம். அவன் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் ஒரு நாள்கூட தாமதமாக வந்ததில்லை. இரண்டு வருடம் தற்காலிகம், அதற்கப்புறம் ஜனவரியில் நிரந்தரம் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். மேனேஜர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பிள்ளை. அவரை நாங்கள் எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள் ஐயா என்பதுபோல முசே என்றுதான் கூப்பிடுவோம். கோபம் வந்தால் பிரெஞ்சில் முணுமுணுப்பார், நமக்குப் புரியாது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

தேசிங்குக்கு எந்தப் பேச்சையும் 'ண்ணா' போடாமல் முடிக்கத் தெரியாது. "ஆமாண்ணா, இல்லண்ணா, வரேண்ணா." சில சமயம் எனக்கு எரிச்சலாகவே இருக்கும்.

வந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். நான் வால்வைத் திறந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான். கையில் அந்தப் புத்தகம்.

"அண்ணா, இத எதுக்கு தெனமும் எறக்குறீங்கண்ணா?"

"பாய்லர்னா எறக்கணும்."

"இது ஸ்டீம் இல்லியேண்ணா. புஸ்தகத்துல அப்டி போடலண்ணா. புதுத் தண்ணி வர வர உப்பும் வருது, காத்தும் வருது. உள்ள துரு புடிக்கும்லண்ணா."

துணி வெளுக்கும் பகுதியிலிருந்து இரண்டு பெண்கள் கூடையோடு வாசலில் நின்றிருந்தார்கள். அவர்கள் இல்லாமல் இருந்திருந்தால் நான் கொஞ்சம் யோசித்திருப்பேனோ என்னவோ.

"நீ வலையப் பத்தி எதனா சொல்லு, கைய கட்டிக்கினு கேக்கறேன்" என்றேன். "பாய்லரப் பத்தி எனக்குச் சொல்லாத."

அந்தப் பெண்கள் சிரித்தார்கள். தேசிங்கும் கூடச் சேர்ந்து சிரித்தான். "சரிண்ணா" என்று புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் நடந்தது. தினசரி ரெஜிஸ்டரில் நான் வெப்பமும் அழுத்தமும் பேனாவால் எழுதுவேன். அந்தப் பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எண்கள் வர ஆரம்பித்தன. தேசிங்கு ஏதோ கணக்குப் போட்டுப் பழகுகிறான் என்று விட்டுவிட்டேன். என் கண் எதிரே இருந்ததை இரண்டு வருடம் நான் படிக்கவில்லை.

தேசிங்கு நிரந்தரமாக ஒரு மாதம் இருந்த டிசம்பரில் ஓட்டல் நிரம்பி வழிந்தது. பிரான்சிலிருந்து சொந்தக்காரர்களெல்லாம் வந்திறங்கிய கல்யாணக் கூட்டம். கல்யாணத்தன்று காலை நான் வழக்கம்போலத் தண்ணீர் இறக்கிவிட்டு பர்னரை ஓடவிட்டேன். ஏழு மணிக்குப் பின்பக்கக் கதவின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது. தேசிங்கு குனிந்து, தொட்டு, முகர்ந்து பார்த்தான்.

"ட்யூப் போயிடுச்சுண்ணா. நிறுத்திடலாம்ண்ணா."

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து போன். முசே. தண்ணீர் சூடு போதவில்லை, பெண் வீட்டார் அறையில் கத்துகிறார்கள் என்றார்.

இங்கேதான், தம்பிகளே, ஒரு ஆபரேட்டருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். மற்ற நேரத்தில் செய்வதையெல்லாம் ஒரு சுவிட்ச் செய்துவிடும். போனில் முசேயிடம் "பாய்லர் நிற்கும், சமையலறையில் அண்டா வையுங்கள்" என்று சொல்ல எனக்குப் பத்து விநாடி ஆகியிருக்கும். நான் சொன்னது, "இதோ முசே, ஏத்திடறேன்." போனை வைத்துவிட்டு தேசிங்கிடம், "பத்து மணி வரைக்கும் ஓட்டிடலாம். சொட்டுதான" என்றேன்.

பத்து மணி வரை அது காத்திருக்கவில்லை. கால் மணி நேரத்தில் பர்னர் இருமியது. உள்ளே தீ ஓடும் அந்தக் குழாய், ட்யூப், முழுசாக விட்டுப்போய், கொதிக்கும் தண்ணீரும் ஆவியும் முன்பக்கக் கதவு இடுக்கு வழியாகப் பீறிட்டன. நிறுத்தும் சுவிட்ச் பாய்லரின் பக்கவாட்டில், அந்த ஆவிக்கு நடுவில். நான் வாசற்படியில் நின்றேன். இருபத்து மூன்று வருட சர்வீஸ் அங்கேயே நின்றது. தேசிங்கு ஒரு ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்து சுவிட்சை அணைத்தான், டீசல் வால்வை மூடினான். வெளியே வந்தபோது அவன் வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்திருந்தது.

"நின்னுடுச்சுண்ணா" என்றான்.

மறுநாள் காலை பாய்லர் கம்பெனி என்ஜினியர் சென்னையிலிருந்து வருவதாகத் தகவல். அவர் கேட்பாரே என்று நான் ரெஜிஸ்டரை எடுத்து வைத்துப் புரட்டினேன். அப்போதுதான் பென்சில் எண்களை முதல் தடவையாக நின்று படித்தேன். புதுத் தண்ணீர்க் குழாயில் ஒரு மீட்டர் இருக்கிறது அல்லவா, அதன் அளவு. நான் தண்ணீர் இறக்குவதற்கு முன் ஒரு எண், இறக்கிய பின் ஒரு எண். தினமும் ஒரே அளவு வித்தியாசம். ஞாயிறு என் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு எண்ணும் ஒன்று. அங்கங்கே சின்ன எழுத்தில் 'உப்பு பத்தவில்லை' என்று எழுதியிருந்தான். ஸ்டோரில் வாரத்துக்கு ஒரு தடவைக்கான உப்புதான் கொடுப்பார்கள்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிய இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

என்ஜினியர் பின்கதவைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தார். ட்யூப் முழுக்க வெள்ளைக் கல், நகத்தின் கனத்துக்கு. துரு அரித்த குழிகள் வேறு. கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அறையில் அவர், முசே, நான். தேசிங்கு ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தான்.

"சாஃப்ட்னர் சரியா வேலை செய்யல" என்றார் என்ஜினியர். "தண்ணி அடிக்கடி இறக்குவீங்களா?"

"எப்பவாச்சும் சார்" என்றேன்.

ஒரே ஒரு சொல். இத்தனை வருடத்தில் அந்த ஒரு சொல்லை எத்தனை தடவை திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்திருப்பேன்.

"ரெஜிஸ்டர்ல மீட்டர் ரீடிங் இருக்கா?"

"இல்ல சார், டெம்பரேச்சர், பிரஷர் மட்டும்தான்."

ரெஜிஸ்டர் என் கக்கத்தில்தான் இருந்தது. அவர் கையை நீட்டியிருந்தால் கொடுத்திருப்பேன். நீட்டவில்லை. மில்லில் வேலை பார்த்த பெரியவர் சொல்கிறார் என்று நம்பிவிட்டார்.

"சாஃப்ட்னர யாரு பாக்கறது?" என்று கேட்டார். முசே என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். முசே பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார். அன்றைக்கு அது எனக்குப் புரிந்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் காரணம் சொல்வேன். வயது ஐம்பத்து நாலு, மூலக்குளத்தில் பாதி கட்டிய வீடு, கல்லூரியில் மகள், ஏற்கெனவே ஒரு தடவை வேலை போன பயம். எல்லாம் உண்மை. அவனுக்கும் இரண்டு மகள்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை.

மூன்றாம் நாள் தேசிங்கை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துப்போகக் கீழே வந்தான். கையில் கட்டு.

"வரேண்ணா. புது ட்யூப் போட்டப்புறம் பாத்து ஓட்டுங்கண்ணா."

"கையப் பாத்துக்கப்பா" என்றேன். எட்டு நாள் கழித்துப் புது ட்யூப் போட்டார்கள். அன்றிலிருந்து அந்த அடி வால்வை நான் தொடவில்லை. ஆறரைக்கு வருவேன், வால்வைப் பார்ப்பேன், மேலே போய்விடுவேன். டீ இறங்காது. நாலு வருடம் கழித்து நான் ஓய்வு பெறும் வரை அந்த ட்யூப்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பராமரிப்பு நன்றாக இருக்கிறது என்று வருடா வருடம் முசே என்னைப் பாராட்டுவார்.

உங்களுக்குச் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். இப்போது சுவரில் உங்களுக்கு ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள், தினம் செய்வது, வாரம் செய்வது, மாதம் செய்வது. நல்லதுதான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'எதுக்கு?' என்று ஒரு கேள்வியைப் போட்டுக்கொள்ளுங்கள். விடை தெரியாத வரியைச் செய்யாதீர்கள், கேளுங்கள். உங்களைவிடச் சின்னவன் யாராவது அப்படிக் கேட்டால், வாசலில் யார் நின்று பார்த்தாலும் சரி, பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். இதெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியதுதான். என்ஜினியர் கேட்கும்போது என்ன பதில் சொல்வது என்பதை நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எனக்கே தெரியவில்லையே.

இந்த ஓட்டலிலிருந்து வைத்திக்குப்பம் நடக்கிற தூரம். அந்த நாலு வருடமும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. மீன் வாங்கக்கூட வேறு இடம் போனேன். ஓய்வு பெற்ற மறுவாரம் ஒரு காலையில் போனேன்.

கரையில் தேசிங்கு படகு நிழலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச தூரத்தில் அவன் மனைவி மீன் கூடையோடு நின்றிருந்தாள். தினமும் விடியும் முன்பே வந்து, படகு கரையேறும் வரை அப்படியே நிற்பாளாம். அவன் வலது கையில் தழும்பு வெளுத்துத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"அண்ணா! வாங்கண்ணா, வாங்கண்ணா. ரிட்டையர் ஆயிட்டீங்களாமே, சொன்னாங்கண்ணா."

டீ வரவழைத்தான். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அன்னிக்கி நீ ஏம்ப்பா முசேகிட்ட ஒண்ணும் சொல்லல? நான் தெனமும் எறக்குனத சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன்.

"இன்னாண்ணா சொல்றது? எனக்குக் கடல் இருக்குது. உங்களுக்கு மில்லும் இல்ல, நெலமும் இல்ல. அந்த வயசுல எங்க போவீங்கண்ணா?" என்றான். "பென்சில்ல எழுதி வச்சதே அதுக்குத்தாண்ணா. நீங்க பாத்துட்டு நிறுத்தினா, அழிச்சிட்டுப் போய்டலாம்ல. ஊட்டுல கூட சொன்னேன். அண்ணன் தெரியாம பண்ணாரு, மில்லு பழக்கம், அவருக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாருன்னுதாண்ணா."

அவன் மனைவி எங்கள் பக்கம் பார்த்தாள்.

"இப்ப எப்படிண்ணா பாய்லர்? எறக்கிக்கினுதான் இருந்தீங்களாண்ணா?"

"இல்லப்பா" என்றேன். "புது ட்யூப் போட்ட அன்னிலேந்து தொடல."

அவன் கை வலையில் நின்றது.

"என்ஜினியர் சொல்லிட்டுப் போனாராண்ணா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் ஒரு சொல்தான் தேவை. அவனே எடுத்துக் கையில் கொடுக்கிறான். அவன் ஆசைப்பட்டதும் அந்தப் பதிலுக்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

"இல்ல தேசிங்கு. அவரு வர்றதுக்கு முன்னாடியே உன் பென்சில் நம்பரப் படிச்சிட்டேன். அவரு கேட்டாரு. ரெஜிஸ்டர் என் கையிலதான் இருந்துது. இல்லன்னு சொல்லிட்டேன்."

அவன் கடலைப் பார்த்தான். பிறகு கரையில் நின்ற தன் மனைவியைப் பார்த்தான். அப்புறம் உட்கார்ந்து வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"வெயில் ஏறுது" என்றான். "போய்ட்டு வாங்க."

அதற்குப் பின்னால் 'ண்ணா' வரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை.